சூட்டுக்கோலும் சொந்த ரத்தமும்

காளை நொண்டினால் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி மூட்டோரம் சூடு போடுவது கொங்குநாட்டின் பழைய வைத்தியம். ஐரோப்பாவிலும் குதிரைகளுக்கு இதையேதான் செய்தார்கள். பெரியநாயக்கன்பாளையத்தில் இப்போது வண்டிமாடு அரிது. மில்லும் ஃபவுண்டரியுமாகிவிட்ட மேட்டுப்பாளையம் சாலையோரத்தில், காம்பவுண்டுக்குள் லாப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் வளர்கின்றன. இடுப்பு மூட்டுக் கோளாறு இவ்விரு இனங்களுக்கும் பரம்பரைச் சீதனம்.

இவற்றுக்கு இப்போது பேசப்படும் சிகிச்சை, முடி கொட்டுகிறவர்களுக்கு விளம்பரப்படுத்தும் அதே பி.ஆர்.பி. தான். நாயின் ரத்தத்தை எடுத்து, உறையாமலிருக்க சிட்ரேட் கலந்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுவார்கள். சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிடும். பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மாவைப் பிரித்து மூட்டுக்குள் செலுத்துவார்கள். பிளேட்லெட்டுகள் உடையும்போது வெளியாகும் வளர்ச்சிக் காரணிகள் அழற்சியைத் தணிக்கும் என்பது எதிர்பார்ப்பு.

குதிரைகளுக்கு இன்னொரு முறையும் உண்டு. ஜெர்மனியின் டுஸ்ஸல்டார்ஃபில் பீட்டர் வெஹ்லிங் குழுவினர் 1990-களில் மனிதர்களுக்காக உருவாக்கியது அது. கண்ணாடி மணிகள் போட்ட சிரிஞ்சில் ரத்தத்தை உடல் சூட்டிலேயே சுமார் 24 மணி நேரம் வைத்தால், அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 என்ற பொருளைத் தடுக்கும் புரதம் அதில் பெருகுகிறது. அந்தச் சீரம்தான் மருந்து. 2007-ல் அமெரிக்காவின் கொலராடோவில் 16 குதிரைகளிடம் சோதித்தார்கள். சீரம் பெற்றவற்றுக்கு நொண்டல் குறைந்தது. ஆனால் அது ஆய்வுக்காக வரவழைத்த மூட்டுநோய். பத்து வருடம் ஓடித் தேய்ந்த மூட்டு வேறு கதை.

நம்மூர் மாட்டு டாக்டர்களுக்கு இதெல்லாம் புதுமையாகவே இருக்காது. மாட்டின் உடம்பில் மரு கிளம்பினால், அதன் கழுத்து ரத்தத்தையே எடுத்துத் தோலடியில் ஊசி போடுவது அவர்களுக்குப் பழகிய கைவேலை.

ரத்தம் இலவசம், பக்குவம்தான் செலவு. பிளேட்லெட் செறிவு ஒவ்வொரு முறையும் ஒரேபோல அமையாது. மூட்டுக்குள் ஊசி போகும்போது சுத்தம் தவறினால் சீழ் பிடிக்கும். தேய்ந்த குருத்தெலும்பு முழுசாகத் திரும்பி வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது நாயின் எடையைத்தான் என்பேன். 48 லாப்ரடார்களைக் குட்டிப் பருவத்திலிருந்து சாகும்வரை கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று உண்டு. கால்பங்கு குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுநோயும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. எடை இறங்கிய பிறகும் நொண்டினால், எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்துவிட்டு ஊசியைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அதுவரை வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைச் சோற்றில் பிசைந்து போட்டுவிடாதீர்கள். மனிதருக்கான இபுப்ரோஃபென் நாயின் குடலைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.