சாதிச் சான்றிதழ் வழக்கறிஞரையும் பெற்றுத் தரும்

அடுப்பு வெடித்து முகம் வெந்த பெண்ணையோ, சார்ஜர் தீப்பிடித்துக் கை கருகிய மாணவரையோ பார்க்கப் போனால், நம் குடியிருப்புகளில் முதலில் காதில் விழுவது ‘எல்லாம் விதி’ என்பதுதான். அடுத்து, ‘வழக்குப் போட நம்மகிட்ட ஏது காசு?’ என்பார்கள். இரண்டுக்குமே சட்டத்தில் பதில் இருக்கிறது.

2025ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் ‘கோல்ட்ரிஃப்’ என்ற இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். 20க்கும் மேற்பட்ட பிஞ்சு உயிர்கள் போயின. அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரி எடுத்துச் சோதித்தபோது, அதில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 விழுக்காடு கலந்திருந்தது தெரிந்தது. சோதித்துப் பார்க்காமல் விட்டிருந்தால் அதுவும் விதியின் கணக்கில்தான் போயிருக்கும்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறைபாடுள்ள பொருளால் உயிருக்கோ உடலுக்கோ உடைமைக்கோ கேடு வந்தால் தயாரித்தவரிடம் இழப்பீடு கேட்கலாம் என்கிறது அதன் ஆறாவது அத்தியாயம். தயாரித்தவர் யாரென்றே தெரியாத சரக்கு என்றால் விற்றவர் பதில் சொல்ல வேண்டும். வாங்கியவர் மட்டுமல்ல, அவர் சம்மதத்தோடு பயன்படுத்திய வீட்டாரும் மனு செய்யலாம். கம்பெனி டெல்லியில் இருந்தாலும், நம் மாவட்டத்தார் கடலூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் மனு செய்துவிட வேண்டும்.

சரி, வக்கீல் கட்டணம்? சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987இன் 12ஆவது பிரிவைப் படியுங்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு ஏதுமின்றி இலவச வழக்கறிஞர் உண்டு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அப்படியே. கல்லூரியில் சேரவும் உதவித்தொகை வாங்கவும் எடுத்து வைத்திருக்கிறோமே, அதே சாதிச் சான்றிதழ் இதற்கும் போதும். கடலூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், சிதம்பரம் நீதிமன்றத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவும் இருக்கின்றன. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். யாரும் நமக்குப் போடும் பிச்சை அல்ல இது, உரிமை.

உடைந்த பொருளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள், பழுதும் பார்க்காதீர்கள். அட்டைப்பெட்டி, ரசீது, மருந்துப் புட்டியில் மிச்சமிருப்பது, புகைப்படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ரசீது இல்லையென்றால் செல்போனில் பணம் அனுப்பிய பதிவைக் காட்டலாம். சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் வேறெங்கானாலும், காயம் எதனால் ஏற்பட்டது என்பதைச் சொல்லிப் பதியச் செய்து, சீட்டுகளைக் கேட்டு வாங்குங்கள்.

புவனகிரி, குமராட்சி, காட்டுமன்னார்கோவில் பக்கத்து மாணவர்களே, உங்கள் தெருவில் காயம்பட்டவருக்கு மனு எழுதிக் கொடுங்கள். ‘ஐயாயிரம் தர்றோம், இதுல கையெழுத்துப் போடு’ என்று கடைக்காரர் தாள் நீட்டினால், அதை முதலில் சட்டப் பணிகள் குழு வழக்கறிஞரிடம் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.