மூலப்படமும் அதனைக் கழுவும் மென்பொருளும்

படச்சுருளைக் கடையில் கொடுத்துக் ‘கழுவி’ வாங்கிய காலம் நம்மிற் பலருக்கு நினைவிருக்கும். இருட்டறையில் மருந்து நீரால் நடந்த அவ்வேலையை இன்று கணினி மென்பொருள் செய்கின்றது. புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில் எஞ்சிய லயங்களையும் பழைய பள்ளிப் பதிவேடுகளையும் படமெடுத்துக் காக்க விழையும் ஆசிரியர்கள், எம்மென்பொருள் ஏற்றது என வினவுவதுண்டு.

கேமராவின் உணரியில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்பவற்றுள் ஒன்றையே அளக்கும். கோடாக் நிறுவனத்தைச் சார்ந்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற முறை இது. அவ்வளவுகளை மாற்றாது வைத்திருப்பதே ‘ரா’ எனப்படும் மூலக்கோப்பு. ஜேபெக் படத்தில் நிறம் ஒன்றுக்கு 256 படிகளே உண்டு. 14 பிட் மூலக்கோப்பிலோ 16,384. வெயிலில் வெளிறிய பள்ளிச் சுவரும் செம்பனை நிழலில் நிற்கும் பிள்ளைகளும் ஒரே படத்தில் அமைந்தால், இருளில் மறைந்த முகங்களை மீட்க முடிவது இதனாலேயாம்.

ஆனால் ஒவ்வொரு கேமரா நிறுவனமும் தனக்கென ஒரு கோப்பு வகையை வைத்துக்கொண்டது. டேவ் காஃபின் என்னும் அமெரிக்கர் 1997-இல் ‘டிசிரா’ என்ற நிரலைத் தொடங்கி, அவ்வகைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பொதுவில் வைத்தார். பின்வந்த பல மென்பொருள்கள் அவர் உழைப்பின்மேல் நிற்பவை.

அடோபியின் லைட்ரூம் 2007-இல் வெளிவந்தது. ஒரே முறை விலை கொடுத்து வாங்கும் வழி இனியில்லை என 2017-இல் அறிவித்தனர். சந்தா நின்றால் லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைக் காணலாம்; திருத்தும் பகுதியோ பூட்டிக்கொள்ளும். நாற்பதாண்டு காக்கவேண்டிய பதிவேட்டுக்கு இது பொருந்துமா? கேனன், நிக்கான் இலவசமாகத் தருபவை தத்தம் கேமராக்களுக்கே உரியன. ஆகவே, டார்க்டேபிள் அல்லது ராதெரப்பியையே நான் பரிந்துரைப்பேன். இவை விலையில்லாதவை, நிரலும் எவர்க்கும் திறந்தது. பயில்வது எளிதன்று; டார்க்டேபிளோடு முதல் வாரம் நான் பட்ட பாடு மாணாக்கர் அறியார்!

ஒன்று கவனிக்க. இவை மூலக்கோப்பைத் தொடுவதில்லை. திருத்தங்களைத் தனிச் சிறு கோப்பில் எழுதும். அஃதறியாது, பதிவேட்டுப் படங்களின் மூலக்கோப்புகளை மட்டும் விரலியில் நகலெடுத்துவிட்டுக் கணினியைத் துடைத்தேன்; ஒரு மாதத் திருத்தம் போயிற்று. மூலம் இருந்ததால் மீண்டும் தொடங்கினேன். பதிவேட்டைத் திரும்ப எடுக்க வழியில்லை. அதற்குள் கறையான் அரித்திருந்தது. இப்பொழுது மூலக்கோப்பு, திருத்தக் கோப்பு, எம்மென்பொருளிலும் திறக்கும் டிஃப் படம் ஆகிய மூன்றையும் சேர்த்தே இரண்டு இடங்களில் வைக்கின்றேன்.