கூத்தில் கும்பிட்ட சேலை

ஒரகடம் தொழிற்சாலைகளின் ஷிப்ட் பஸ்கள் ஓடும் காஞ்சிபுரம் வட்டாரத்தில், திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் இரவுகளில், ஆண் கலைஞர் சேலை கட்டிப் பூ வைத்துத் திரௌபதியாக வருவார். துகிலுரிதல் கட்டத்தில் அவரை அம்மனாகவே பாவித்துக் கற்பூரம் காட்டும் வழக்கமும் உண்டு. அதே ஊரில், கூத்தாடாத ஓர் ஆணுக்குச் சேலை கட்டிப் பார்க்கும் விருப்பம் இருப்பது தெரிந்தால் வீட்டில் அழுகை, தெருவில் கேலி. துணி ஒன்றுதான், பார்க்கும் கண்தான் மாறுகிறது. அப்படியானால் அவர் உள்ளுக்குள் சுமக்கும் அவமானம் ஊரிடம் வாங்கிய இரவல். அதைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு முழு உரிமை உண்டு.

ஊர்க்கண் நிலையானதும் இல்லை. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் தொடங்கிய சுகுண விலாச நாடக சபையில் ஸ்த்ரீபார்ட்டில், அதாவது பெண் வேடத்தில், புகழ்பெற்றவர் ரங்கவடிவேலு, ஒரு வழக்கறிஞர். நாடகத்தில் ஔவையார் வேடம் கட்டிய டி.கே. சண்முகத்துக்கு ‘அவ்வை’ என்பது பட்டமாகவே ஒட்டிக்கொண்டது. பெண்கள் பேன்ட் சட்டை அணிவது ஒரு தலைமுறைக்கு முன் ஊர்வம்பு. இன்று தொழிற்சாலை வாசலில் அது சாதாரணச் சீருடை. நேற்று தப்பென்ற கண் இன்று சரி என்கிறது. அத்தகைய கண்ணை நம்பி ஒருவர் தன்னையே வெறுப்பது என்ன நியாயம்?

மேடை வேறு, வாழ்க்கை வேறு என்பார்கள். உண்மைதான், கூத்தில் பெண் வேஷம் தொழில், இங்கே மனவிருப்பம். ஆனால் விருப்பம் என்பதாலேயே அது நோயாகிவிடாது. எதிர்பால் உடை அணிவதையே ஒரு கோளாறாகப் பெயரிட்டிருந்த பிரிவுகளை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது; 2022 முதல் புதிய பட்டியல் நடப்பில் உள்ளது. இந்த விருப்பம் உள்ள எல்லோரும் திருநங்கையரும் அல்லர். யார்மேல் காதல் வரும் என்பதையும் உடை சொல்லிவிடாது. திருநர் உரிமைக்கான 2014-ஆம் ஆண்டு ‘நால்சா’ தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், தன் பாலினத்தை உடையால் வெளிப்படுத்துவதையும் கருத்துச் சுதந்திரத்தில் சேர்த்தது.

‘நாலு பேர் என்ன சொல்வார்கள்?’ என்பதே கடைசித் தடை. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், கூச்சம் தரும் படம் போட்ட டீசர்ட்டுடன் மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அந்த மாணவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிதான். நாம் அஞ்சும் கண்களில் பாதி நம் மனதுக்குள்ளேயே இருக்கின்றன. சேலை கட்டிய ஆணை டீசர்ட்டைப்போல யாரும் கவனிக்காமல் விடமாட்டார்கள், வாடகை வீடும் வேலையும் பறிபோகலாம் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. அதனால்தான் பிறரிடம் சொல்வதையும் தன்னைத் தான் ஏற்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். யாரிடம், எப்போது சொல்வது என்பது சூழலைப் பொறுத்த முடிவு. மணமானவர் என்றால், உண்மையைத் தெரிந்துகொள்வது மனைவிக்குரிய நியாயம். தன்னைத் தான் ஏற்பதற்கோ ஊர்க்கூட்டத்தின் ஒப்புதல் தேவையில்லை. பூட்டிய அறைக்குள் கண்ணாடிமுன் நிற்பவர், ஊர் கற்பூரம் காட்டிய அதே சேலையைத்தான் கட்டியிருக்கிறார். அங்கே அவர் தலைகுனிய வேண்டியதில்லை.