பலமான அணி ஏன் தோற்கிறது?

2022 நவம்பர் 22, கத்தாரின் லுசைல் மைதானம். தொடர்ந்து 36 ஆட்டங்களில் தோல்வியே காணாமல் வந்திருந்த அர்ஜென்டினாவை சவூதி அரேபியா 2-1 என்று வீழ்த்தியது. பத்தாவது நிமிடத்திலேயே மெஸ்ஸி பெனால்டியில் கோல் போட்டிருந்தார். முதல் பாதிக்குள் அர்ஜென்டினா மேலும் மூன்று முறை பந்தை வலைக்குள் தள்ளியது. மூன்றும் ஆஃப்சைடு என்று கழிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று மயிரிழை வித்தியாசம். சவூதி வீரர்கள் ஆட்டம் முழுவதிலும் கோலை நோக்கி அடித்ததே மூன்று தடவைதான். இரண்டு உள்ளே போயின. தோற்ற அர்ஜென்டினா நான்கு வாரங்களுக்குள் உலகக் கோப்பையை வென்றது.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அதிர்ஷ்டத்துக்கு எல்லா விளையாட்டிலும் ஒரே அளவு இடம் கிடைப்பதில்லை. ஓர் ஆட்டத்தின் முடிவு எத்தனை நிகழ்வுகளைக் கூட்டி எடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்த இடம் கூடும், குறையும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 2 கோல் போடும், எதிரணி 1 கோல் போடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோலுக்கும் அடுத்த கோலுக்கும் தொடர்பில்லை என்றும் கொள்வோம். இப்படி 100 ஆட்டம் நடந்தால் பலமான அணி சுமார் 61 ஆட்டங்களில் வெல்லும், 21 சமநிலையில் முடியும், மீதி 18 எளிய அணிக்குப் போகும். இரண்டு மடங்கு பலம் இருந்தும், பத்தில் நான்கு ஆட்டங்களில் வெற்றி கிடைக்காது! இப்போது இரு பக்கமும் கோல்களைப் பத்து மடங்காக்குவோம்: ஒருவருக்கு 20, மற்றவருக்கு 10. விகிதம் மாறவில்லை. ஆனால் எளிய அணி வெல்வது 100க்கு 3 ஆட்டமாகச் சுருங்கிவிடும். எண்ணிக்கை பெருகப் பெருக, தற்செயலாக விழும் நன்மையும் தீமையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. திறமையின் வித்தியாசம் மட்டும் மிஞ்சுகிறது.

2022 உலகக் கோப்பையின் 64 ஆட்டங்களில் விழுந்தவை 172 கோல்கள், அதாவது ஆட்டத்துக்கு மூன்றுகூட இல்லை. அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில் ஒவ்வோர் அணியும் நூறு புள்ளிகளைத் தாண்டுவது சாதாரணம். பிளேஆஃப் சுற்றிலோ ஏழு ஆட்டங்களில் நான்கை வென்றாக வேண்டும். அங்கே அதிர்ச்சித் தோல்விகள் அரிதாக இருப்பதில் வியப்பில்லை.

கிரிக்கெட்டில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் ஒரே ஆட்டம் மூன்று நீளங்களில் ஆடப்படுகிறது. 2005இல் கார்டிஃபில் நடந்த ஒருநாள் போட்டியில், அஷ்ரஃபுலின் சதத்தால் பங்களாதேஷ் ஆஸ்திரேலியாவை வென்றது. டெஸ்டில் அதே ஆஸ்திரேலியாவை வெல்ல 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் பங்களாதேஷ் வளர்ந்தது உண்மை. ஆனாலும் ஐந்து நாள் ஆட்டத்தில் எதிரணியின் 20 விக்கெட்டையும் எடுக்க வேண்டும். ஒருவர் ஒரு மதியம் அபாரமாக ஆடினால் போதாது. பலமான அணி முதல் இன்னிங்ஸில் சறுக்கினாலும் எழுந்துகொள்ள இன்னொரு வாய்ப்பு உண்டு. டி20யில் ஒரு பக்கத்துக்கு 120 பந்துகள்தான். 2022 டி20 உலகக் கோப்பையில், பெர்த்தில் ஜிம்பாப்வே எடுத்தது 130, பாகிஸ்தான் நின்றது 129இல். ஒரு ஓட்டம்! அந்தப் பாகிஸ்தான் இறுதிப்போட்டி வரை போனது.

அப்படியானால் எளிய அணிக்குப் பெருமையே இல்லையா? நிச்சயமாக உண்டு. தற்செயல் உதவ வேண்டுமென்றால் முதலில் அது உதவக்கூடிய தூரத்துக்குள் ஆட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதற்கு உழைப்பும் துணிவும் வேண்டும். 2004 யூரோ கோப்பையில் கிரீஸ் அணி காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றையும் 1-0 என்றே வென்றது. பயிற்சியாளர் ஓட்டோ ரேஹாகல் தற்காப்பை இறுக்கி, கோல் வாய்ப்புகளையே அருகச் செய்தார். அழகில்லாத ஆட்டம் என்று பலர் குறை சொன்னார்கள். எனக்கு அது மிகச் சரியான கணக்காகத் தெரிகிறது. சவூதி எதிர்வழியில் போனது. தற்காப்பு வரிசையை நடுக்கோட்டருகே ஏற்றி நிறுத்தியது. தவறினால் ஐந்து கோல் வாங்கியிருக்கும். வழக்கமாக ஆடினால் தோல்வி உறுதி என்னும்போது, முடிவை நிலையற்றதாக்கும் ஆட்டம்தான் எளியவருக்கு லாபம்.

லீக் போட்டிகளில் இந்த வழி அவ்வளவாகச் செல்லாது; இங்கிலாந்தின் பிரீமியர் லீக் என்றால் 38 ஆட்டங்களின் கூட்டுக் கணக்கு. அதனால்தான் 2015-16 பிரீமியர் லீக்கில், பந்தயக்காரர்கள் ஒன்றுக்கு ஐயாயிரம் தருவதாகச் சொன்ன லெஸ்டர் சிட்டி, மூன்றே தோல்விகளுடன் பட்டம் வென்றதை எந்த ஒருநாள் அதிசயத்தையும் விட மேலாக மதிக்கிறேன்.

போட்டி அட்டவணை போடுகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். 2007 உலகக் கோப்பை கிரிக்கெட்டில் 16 அணிகள், முதல் சுற்றில் ஆளுக்கு மூன்றே ஆட்டங்கள். மார்ச் 17 அன்று பங்களாதேஷ் இந்தியாவையும், அயர்லாந்து பாகிஸ்தானையும் வென்றன. இரு பெரிய அணிகளும் முதல் சுற்றோடு வீடு திரும்பின. 2011இல் அணிகள் 14, முதல் சுற்றில் ஆளுக்கு ஆறு ஆட்டங்கள். அந்த முறை பெங்களூரில் அயர்லாந்தின் கெவின் ஓ'பிரையன் 50 பந்தில் சதமடித்து இங்கிலாந்தைக் கவிழ்த்தார். இங்கிலாந்து அப்படியும் காலிறுதிக்குப் போய்விட்டது. 2019, 2023 தொடர்களில் பத்தே அணிகள், ஆளுக்கு ஒன்பது ஆட்டங்கள். 2023இல் தர்மசாலாவில் நெதர்லாந்திடம் தோற்ற தென்னாப்பிரிக்கா அரையிறுதி ஆடியது. பெரிய அணிகள் விழுந்தாலும் அடிபடாதபடி மெத்தை விரித்தாயிற்று. சிறந்த அணியைக் கண்டுபிடிக்க நீண்ட தொடர் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் சிறிய நாடுகளை வாசலிலேயே நிறுத்தி அந்த நீளத்தைப் பெற்றதை என்னால் ஏற்க முடியவில்லை. 2027 தொடருக்கு மறுபடி 14 அணிகள் என்று முடிவாகியிருக்கிறது. அதை நான் மனமார வரவேற்கிறேன்.