உறைபனியில் ஊமையாகும் துப்பாக்கி

சித்திரை மாத நண்பகலில் திருப்பரங்குன்றத்து மலைப் பாறையில் வெறுங்காலை வைத்துப் பார்த்தோர் அதன் சூட்டை நன்கறிவர். இவ்வெப்பத்தில் பிறந்து வளர்ந்த மதுரைச் சீமைப் பிள்ளைகள் சிலர், பட்டாளத்தில் சேர்ந்து, பூஜ்யத்திற்குக் கீழே 50 டிகிரி வரை இறங்கும் குளிரில் காவல் நிற்கின்றனர். லடாக்கின் வடகோடியிலுள்ள சியாச்சின் பனியாறே அவ்விடம். 1984 ஏப்ரல் 13 முதல் அங்கு நம் ராணுவம் நிலைகொண்டுள்ளது. அங்கே மனிதன் மட்டுமல்ல, அவன் கையிலுள்ள துப்பாக்கியும் குளிரால் முடங்கக்கூடும். எவ்வாறு என்பதைக் காண்போம்.

உறையும் எண்ணெய்

மார்கழிக் காலையில் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் புட்டியில் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கடுங்குளிரில் துப்பாக்கிக்கு இடும் சாதாரண எண்ணெயும் கிரீஸும் அவ்வாறே கெட்டிப்படுகின்றன. விசையை அழுத்தினால், தோட்டாவின் பின்புறத்தைத் தட்ட வேண்டிய ஊசி மெதுவாக நகர்கிறது. தட்டு வலுவிழந்தால் தோட்டா வெடிப்பதில்லை. 1941ஆம் ஆண்டின் இறுதியில் மாஸ்கோவை நெருங்கிய ஜெர்மானியப் படையினரின் இயந்திரத் துப்பாக்கிகள் இவ்வாறே முடங்கின. ஆகவே, உறைபனிப் பகுதிகளில் பழைய எண்ணெயை முற்றிலும் துடைத்தெடுத்து, குளிர் தாங்கும் எண்ணெயை மிக மெல்லியதாகப் பூசுகின்றனர்.

வியர்க்கும் இரும்பு

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பாட்டிலின் மேல் நீர் முத்து முத்தாகப் படிகிறது அல்லவா? குளிர்ந்த துப்பாக்கியை வெதுவெதுப்பான கூடாரத்திற்குள் கொண்டுசென்றால் அதுவும் அவ்வாறே வியர்க்கும். மீண்டும் வெளியே எடுத்ததும் அந்நீர் உள்ளேயே பனிக்கட்டியாகி உறுப்புகளைப் பூட்டிவிடும். எனவே, ஆயுதத்தை வெளியிலேயே, பனி புகாதவாறு மூடி வைப்பது வழக்கம். வெறுங்கையால் இரும்பைத் தொட்டாலோ தோல் ஒட்டிக்கொண்டு பிய்ந்துவிடும்.

தோட்டாவின் தளர்ச்சி

குளிர்ந்த வெடிமருந்து மெதுவாக எரிவதால் தோட்டாவின் வேகம் குறைந்து, குறி தாழ்கிறது. மலை உச்சியின் மெல்லிய காற்றோ தடையைக் குறைத்து, தோட்டாவைச் சற்று மேலே செலுத்துகிறது. எனவே சமவெளியில் சரிபார்த்த குறியை அங்கு நம்ப இயலாது. அங்கேயே மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

யார் பகைவர்?

1987 ஜூனில், சுமார் 21,000 அடி உயரத்திலிருந்த பாகிஸ்தான் காவல்நிலையை பாணா சிங்கும் அவருடைய தோழர்களும் கைப்பற்றியபோது, துப்பாக்கிகள் குளிரில் சரிவர இயங்கவில்லை. கையெறி குண்டுகளும் துப்பாக்கி முனைக் கத்திகளுமே கைகொடுத்தன.

2003 நவம்பரில் அங்கு இரு தரப்புத் துப்பாக்கிகளும் ஓய்ந்தன. குளிரும் பனிச்சரிவும் ஓயவில்லை. 2016 பிப்ரவரி 3 அன்று சரிந்த பனி, மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த 10 பேரைப் புதைத்தது. ஆறு நாட்களுக்குப் பின் உயிருடன் மீட்கப்பட்ட ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்று மறைந்தார். அப்பதின்மரில் தமிழகத்தார் நால்வர். ஒருவர் நம் மதுரை மாவட்டத்தவர். சியாச்சினில் குண்டுகளுக்கு இரையானோரைவிட, குளிருக்கும் பனிக்கும் இரையானோரே அதிகம்.

அன்பு வாசகர்களே! விடுமுறையில் ஊர் திரும்பும் பட்டாளத்துப் பிள்ளையிடம், "சண்டை எப்படி?" என்று கேட்கும் முன், "குளிர் எப்படி?" என்று கேளுங்கள். அவன் அன்றாடம் போராடுவது எதனோடு என்பதை அப்போது அறிவீர்கள்.