தவழும் குழந்தைக்குக் காப்பு

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் முதற்பருவத்திற்குக் காப்பு என்று பெயரிட்டனர். குழந்தையைக் காக்குமாறு தெய்வங்களை வேண்டிய பின்னரே, அது நிலத்தில் கையூன்றித் தலைநிமிர்ந்து ஆடும் செங்கீரைப் பருவத்தைப் பாடினர். இம்முறைவைப்பில் இல்லறத்தார்க்கு ஒரு பாடம் உண்டு. பிள்ளை தவழப் புகுமுன்னரே காப்பு முடிந்திருத்தல் வேண்டும்.

ஊரில் கூட்டுக்குடும்பமாக வாழ்ந்த காலத்தில் பாட்டியும் அத்தையும் மூத்த பிள்ளைகளும் காவல் இருந்தனர். பிழைப்பை நாடி ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு வந்த நம்மில் பலருக்கு அப்பேறு இல்லை. காக்கும் கண்கள் குறைந்த வீட்டில் முன்னேற்பாடு மிகுதல் வேண்டும்.

நாம் இதனை அறிந்தது அச்சத்தினால். எட்டுத் திங்கள் நிரம்பிய நம் பெண்மகவைக் கூடத்தில் விட்டு, பால் பொங்கும் ஓசை கேட்டு அடுக்களைக்கு விரைந்தோம். திரும்பி வந்தபோது குழந்தையைக் காணோம். குழாயில் நீர் வாராத நாளுக்கெனக் குளியலறையில் பிடித்து வைத்திருந்த வாளியின் விளிம்பைப் பற்றி எழுந்து, தலையை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. ஓடி எடுத்தோம். இன்னும் சிறிது தாழ்த்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை இன்றும் எண்ண அஞ்சுகிறோம்.

இவ்வயதில் குழந்தையின் தலை உடலை நோக்க மிகக் கனமானது. தலைகீழாய் விழுந்தால் தானே எழ இயலாது. 5 சென்டிமீட்டர் ஆழமுள்ள நீரும் உயிரைக் கொள்ளும், அலறல்கூடக் கேளாது. ஆதலின் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். நீர் சேமித்தே ஆகவேண்டுமெனில் இறுகிய மூடியுள்ள பாத்திரத்தில் சேமித்து, குளியலறைக் கதவைத் தாழிடுங்கள். சம்பின் இரும்பு மூடிக்குப் பூட்டு இடுங்கள். குளிர்காலத்தில் வெந்நீருக்காக வாளியில் இடும் மின்கம்பியைக் குழந்தை நடமாடும் வீட்டில் தவிர்ப்பதே அறிவுடைமை.

அடுத்து, பெற்றோர் இருவரும் ஒருமுறை வீடெங்கும் தவழ்ந்து பாருங்கள். நகைக்க வேண்டா, நின்று பார்க்கும் கண்ணுக்குப் புலப்படாதவை அப்போது புலப்படும். கட்டிலடியில் உருண்ட நாணயம், ஊக்கு, வேர்க்கடலை, தாழ்ந்த மின்துளை, தொங்கும் மேசைவிரிப்பு, சுவரோடு பிணைக்கப்படாத அலமாரி, காய் நறுக்கிய பின் தரையிலேயே விட்ட அரிவாள்மணை ஆகிய அனைத்தும் குழந்தையின் கைக்கு எட்டுவன.

வாயில் இடும் பொருள்களில் மூன்றை மிக அஞ்சவேண்டும். ஒன்று, பொம்மையிலும் ரிமோட்டிலும் உள்ள வட்டப் பேட்டரி. விழுங்கினால் 2 மணி நேரத்திற்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். மற்றொன்று, பீரோவில் இடும் பாச்சை உருண்டை. மிட்டாய்போல் தோன்றும் நஞ்சு. மூன்றாவது, குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைத்த பினாயிலும் அமிலமும். இவற்றை உயரத்தில் வைத்துப் பூட்டுங்கள்.

1898இல் பெங்களூரைத் தாக்கிய கொள்ளைநோய்க்குப் பின் எழுந்த பகுதிகளுள் ரிச்சர்ட்ஸ் டவுனும் ஒன்று. இங்குள்ள பழைய வீடுகளில் சன்னல் மரத்திற்குப் பூசிய வர்ணம் உரிந்து கிடப்பதுண்டு. வர்ணத்தில் ஈயத்தின் அளவை மிகக் குறைக்கும் சட்டவிதி இந்நாட்டில் வந்தது 2016இல்தான். பழைய வர்ணத்தூள் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்க வல்லது. அதனை உலர்ந்தபடி சுரண்டாது, ஈரத்துணியால் துடைத்தெடுத்து, வீட்டுக்காரரிடம் கூறி மேற்பூச்சுப் பூசச் செய்யுங்கள்.

அன்பர்கள் பரிசளிக்கும் சக்கர வாக்கரையும் மறுத்துவிடலாம். படிகளில் உருளும் இடர் கருதிக் கனடா நாடு 2004இல் அதன் விற்பனையையே தடுத்தது. நம் முன்னோர் தந்த மர நடைவண்டி வேறு. நிற்கக் கற்ற பிள்ளை அதனைத் தள்ளி நடக்கும்.

எத்துணை காத்தாலும் பிழை நேரலாம். நஞ்சு உண்டது எனத் தோன்றினால் உப்புநீர் கொடுத்து வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். 108 எண்ணை அழையுங்கள். உண்ட பொருளின் புட்டியை உடன் எடுத்துச் செல்லுங்கள்.

தவழும் குழந்தையைக் கட்டிப்போடுதல் அறமன்று. அது உலகை அறியப் புறப்பட்டிருக்கிறது. அதன் வழியைத் துப்புரவாக்கித் தருதல் நம் கடன். இன்று மாலையே குளியலறை வாளியிலிருந்து தொடங்குங்கள்.