இருளில் முடியும் சங்கீதம்

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஜெபப் பங்காளர்களே,

வியாதியஸ்தரின் படுக்கையருகே எந்த வேதப்பகுதியை வாசிக்கலாம் என்று பலர் கேட்கிறார்கள். 23-ஆம் சங்கீதமோ 121-ஆம் சங்கீதமோ உடனே நினைவுக்கு வரும். அவை ஆறுதலானவையே. ஆயினும் 150 சங்கீதங்களையும் வரிசையாக வாசிப்பதில் பெரிய நன்மை உண்டு.

ஆங்கிலிக்கன் சபையின் பொது ஜெபப் புத்தகம் சங்கீதங்களை 30 நாட்களுக்குப் பங்கிட்டிருக்கிறது. அதன்படி மாதந்தோறும் 17-ஆம் தேதி காலையில் 88-ஆம் சங்கீதம் வரும். விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் வரும்.

அதில் 18 வசனங்கள். பாடினவர் இரவும் பகலும் கூப்பிடுகிறார்; பதில் கிடைத்ததாக அவர் சொல்லவில்லை. புலம்பலான மற்றச் சங்கீதங்களில் அநேகம் துதியில் முடிகின்றன. இதுவோ இருளைச் சொல்லி முடிகிறது. ஆனாலும் அவர் முறையிடுவது தேவனிடத்தில்தான். சிலுவையில் நம் ஆண்டவரும் 22-ஆம் சங்கீதத்தின் முதல் வார்த்தைகளைச் சொல்லியே கூப்பிட்டார்.

வேதனை நீடிக்கும்போது, "என் விசுவாசம் குறைந்துபோயிற்றோ?" என்று கலங்குகிறவர்கள் உண்டு. முறையிடுவதும் ஆராதனையே என்று இச்சங்கீதம் அவர்களுக்குச் சொல்லுகிறது. ஆகவே, அவர்கள் சம்மதித்தால் நிதானமாய் வாசித்து, விளக்கம் சொல்லாமல் சற்று மௌனமாயிருப்பது நல்லது. சுகம் கிடைக்கும் என்று நாமாக வாக்குக் கொடுக்க வேண்டாம்.

உங்கள் குடும்ப ஜெபத்திலும் இதைத் தள்ளிவிடாதிருங்கள். அன்று நீங்கள் சுகமாயிருக்கலாம். வார்டில் உறக்கமின்றி, ஜெபிக்கப் பெலனின்றிக் கிடக்கும் ஒருவருக்காக அதை வாசியுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்